ஒரு சுத்துக்கு ரெண்டு திக்கு

ஆணி அதிகமானதால ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. இன்னைக்குச் சொல்லப் போறது ஒரு சொ.செ.சூ. கதை. அதாவது சொந்த செலவில் சூனியம். ஆரம்பிச்சது ஒரு பொம்மை வண்டியில, போய் நின்னது 17ஆம் நூற்றாண்டு லண்டன்ல. நடுவுல நாமக்கல்லும் வரும். பொறுமையா வாங்க.

என் பையனுக்கு 11 வயசு. அவனுக்குன்னு சொல்லி எனக்காக வாங்கின ஒரு ரிமோட் வண்டி வீட்டுல இருக்கு (தங்கமணிக்கு இது தெரியும், தெரியாத மாதிரி இருக்காங்க). ரேஸ் வண்டி இல்லை. இதுக்குப் பேர் க்ராலர். நிஜ ஜீப்பைப் பத்துல ஒரு பங்காச் சுருக்கின மாதிரி இருக்கும். வேகமே கிடையாது. ஆமை மாதிரி ஊர்ந்து பாறை ஏறும், அதுதான் இதோட அழகு. எங்க வீட்டுக்குப் பக்கத்து காலி மனையில யாரோ கொட்டி வச்ச கருங்கல் குவியல்தான் எங்களுக்கு இமயமலை.

ஒரு மழை நாள்ல பையன் வண்டியைச் சேத்துத் தண்ணிக்குள்ள இறக்கிட்டான். நான் நல்ல அப்பாவா லட்சணமா முழு வண்டியையும் கழட்டி, கழுவி, துடைச்சு, கிரீஸ் வச்சு மாட்டினேன். மறுநாள் ஓட்டினா வண்டி திக்குது. சமதரையில பரவாயில்லை. கல்லு மேல மூக்கைத் தூக்கினதும் ஏதோ உள்ள பிடிச்சு இழுக்கற மாதிரி நின்னு நின்னு போகுது.

"தண்ணில விடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? பேரிங் எல்லாம் போச்சு பார்"னு பையனை ஒரு பிடி பிடிச்சேன். அவன் ஒண்ணும் பேசலை. ரிமோட்டை மேஜை மேல வச்சுட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் மூணு வாரம் அந்த வண்டிப் பக்கமே வரலை.

அந்த மூணு வாரத்துல நான் செஞ்சதைச் சுருக்கமாச் சொல்றேன். முதல்ல பேரிங் செட் புதுசா வாங்கிப் போட்டேன். திக்கல் போகலை. மோட்டார் பல்சக்கரம் ரொம்ப நெருக்கமா உட்கார்ந்திருக்கோன்னு நடுவுல ஒரு காகிதத் துண்டை வச்சு இடைவெளி சரி பண்ணினேன். ம்ஹூம். சிமெண்ட் தரையில திருப்பும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அது நோய் இல்லை. க்ராலர்ல இடது வலது சக்கரம் ரெண்டையும் ஒண்ணாப் பூட்டியிருப்பாங்க, வளைவுல ஒண்ணு தேய்ஞ்சுதான் ஆகணும். ஆனா இது நேராப் போகும்போதே திக்குது.

கடைசியா கொஞ்சம் புத்தி வந்து முறையாத் தேட ஆரம்பிச்சேன். கியர் பெட்டியில இருந்து முன் அச்சுக்கு ஒரு தண்டு, பின் அச்சுக்கு ஒரு தண்டு. ட்ரைவ்ஷாஃப்ட்னு சொல்றது இதைத்தான். ரெண்டையும் கழட்டிட்டு மோட்டாரைச் சுத்தினேன். வெண்ணெய் மாதிரி ஓடுது. அச்சு ரெண்டையும் கையால சுத்தினேன். அதுவும் வெண்ணெய். பின் தண்டை மட்டும் மாட்டினேன், சுகம். முன் தண்டை மாட்டினதும் திக்கல் ஆரம்பம். ஆக, திருடன் முன் தண்டுலதான் இருக்கான். கழட்டிக் கண்ணாடி மேல உருட்டிப் பார்த்தேன். நேரா இருக்கு. பின்னு எதுவும் வளையலை. ரெண்டு முனையிலயும் இருக்கற இணைப்பு தாராளமா ஆடுது. ஒவ்வொரு பாகமும் நல்லா இருக்கு, சேர்த்தா மட்டும் கெட்டுப் போகுது. ஙேன்னு முழிச்சேன்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். என் தாய்மாமா நாமக்கல்ல லாரிப் பட்டறையில வாழ்க்கையைக் கழிச்சவர். சின்ன வயசு லீவெல்லாம் எனக்கு அங்கேதான், டீசல் வாசத்துல. அன்னைக்கு ராத்திரி வேற எதுக்கோ போன் பண்ணினவர்கிட்ட பேச்சோட பேச்சா இந்தப் புலம்பலையும் புலம்பினேன். பொம்மை வண்டின்னு சிரிப்பாருன்னு நினைச்சேன். சிரிக்கலை.

"ஒரு சுத்துக்கு எத்தனை தடவ திக்குது கண்ணு?"

"எண்ணலையே மாமா."

"எண்ணிப் பாத்துட்டுச் சொல்லு."

தண்டு மேல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு, முன் சக்கரத்தைப் பையனோட பழைய ஷூவால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு மெதுவாச் சுத்தினேன். இறுக்கம், தளர்வு, இறுக்கம், தளர்வு. கோடு திரும்பி மேல வந்துடுச்சு.

"ரெண்டு தடவை மாமா."

"ஒரு தடவைன்னா ஷாஃப்ட்டு கோணல். ரெண்டு தடவைன்னா கிராஸ் மாறி உக்காந்திருக்குது. கழட்டறதுக்கு முன்னாடி மார்க்குப் போட்டியா?"

போடலை. போடணும்னே தெரியாது.

அந்த 'கிராஸ்' என்னன்னு சொல்லிடறேன். உண்டிவில் கவையை நினைச்சுக்கோங்க. ஒரு தண்டோட முனையில ஒரு கவை, அடுத்த தண்டோட முனையில இன்னொரு கவை. ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு குறுக்காத் திருப்பி, நடுவுல கூட்டல் குறி மாதிரி ஒரு துண்டை வச்சுக் கோத்துட்டா, ஒரு தண்டு சாய்ஞ்சிருந்தாலும் சுழற்சி அடுத்ததுக்குப் போகும். இதுதான் யுனிவர்சல் ஜாயிண்ட். நம்ம ரோட்டுல போற எந்த லாரிக்குக் கீழ குனிஞ்சு பார்த்தாலும் தெரியும்.

மாமா போனை வச்சதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரலை. ரெண்டு தடவை திக்கும்னு அவருக்கு எப்படித் தெரியும்? தேட ஆரம்பிச்சேன். இனி வரலாறு.

ஜெர்மன்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் இந்த இணைப்பை கார்டன்னு சொல்றாங்க. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில இருந்த ஜெரோலமோ கார்டானோ (1501-1576) பேர்ல வந்தது அது. மனுஷன் மருத்துவர், கணித மேதை, சூதாடி, எல்லாம் ஒரே ஆள். ஆனா ஒண்ணுக்குள்ள ஒண்ணா வளையங்களைத் தொங்கவிடற யோசனை அவருக்கு முன்னாடியே ரொம்பக் காலமா இருந்தது. கப்பல் எப்படி ஆடினாலும் திசைகாட்டி ஆடாம இருக்கறது அந்த வளையங்களாலதான். கார்டானோ அதைப் பத்தி எழுதினார், பேர் ஒட்டிக்கிச்சு. ஸ்வீடன்ல கேட்டா கிறிஸ்டோபர் போல்ஹெம் (1661-1751) பேரைச் சொல்லி 'போல்ஹெம் முடிச்சு'ம்பாங்க. இங்கிலாந்துல ஹூக் ஜாயிண்ட். நாமக்கல்ல கிராஸ். அவங்கவங்க ஊருக்கு அவங்கவங்க பேர் :-)

1664ல காஸ்பர் ஷோட்னு ஒரு ஜெர்மன் பாதிரியார் வினோத இயந்திரங்களைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதுல இந்த இணைப்பும் வருது. ஒரு தண்டு எந்த வேகத்துல சுத்துதோ அதே சீரான வேகத்துல அடுத்த தண்டும் சுத்தும்னு அதுல சொல்லிட்டார். பார்த்தா அப்படித்தான் தோணும். இது ஒரு முழுச் சுத்து சுத்தினா அதுவும் ஒரு முழுச் சுத்து, கணக்கு சரியாத்தானே இருக்கு? நானும் மூணு வாரமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். ஷோட்டுக்கும் எனக்கும் ஒரே புத்தி.

அது தப்புன்னு கண்டுபிடிச்சவர் ராபர்ட் ஹூக் (1635-1703). பள்ளிக்கூடத்துல ஸ்பிரிங் விதி படிச்சோமே, அதே ஹூக். நுண்ணோக்கியில பார்த்து 'செல்'னு பேர் வச்சவரும் அவர்தான். 1662ல இருந்து லண்டன் ராயல் சொசைட்டியில சோதனைகள் செஞ்சு காட்டற பொறுப்பு அவருக்கு. 1666 தீ விபத்துல எரிஞ்ச லண்டனைத் திருப்பிக் கட்டறதுலயும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஹூக் கண்டது இதுதான். தண்டுகள் ஒரே நேர்கோட்டுல இருந்தா பிரச்சினை இல்லை. சாய்ஞ்சிருந்தா, முதல் தண்டு சீராச் சுத்தினாலும் ரெண்டாவது தண்டு சீராச் சுத்தாது. ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவை முந்தும், ரெண்டு தடவை பிந்தும். முடிவுல கணக்கு சரியாயிடும், அதனால யாருக்கும் கண்ணுல படாது.

எவ்வளவு முந்தும்? முதல் தண்டு நிமிஷத்துக்கு 100 சுத்துன்னு வச்சுக்குவோம். 10 டிகிரி சாய்வுல அடுத்த தண்டு 98.5க்கும் 101.5க்கும் நடுவுல ஊசலாடும். சரி, விட்டுடலாம். 30 டிகிரி சாய்வுல? 86.6ல இருந்து 115.5 வரைக்கும்! சமதரையில பரவாயில்லாம ஓடின என் வண்டி, கல்லு ஏறும்போது ஏன் திக்கிச்சுன்னு இப்போ புரியுதா? ஏறும்போது அச்சு தொங்கும், தண்டோட சாய்வு கூடும், கூடவே இந்த ஊசலாட்டமும் கூடும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. ஹூக் இதைக் குறையா மட்டும் பார்க்கலை. தரையில படுக்க வச்ச சூரியக் கடிகாரத்துல மணிக்கோடுகள் சம இடைவெளியில இருக்காது. நடுப்பகல் பக்கம் நெருங்கியும் காலை மாலைப் பக்கம் விலகியும் இருக்கும். சூரியன் சீராப் போகுது, நிழல் சீராப் போகலை. அந்தக் கணக்கும் இந்த இணைப்போட கணக்கும் ஒரே கணக்கு! 90ல இருந்து ஊரோட அட்சரேகையைக் கழிச்சு, வர்ற கோணத்துல இணைப்பைச் சாய்ச்சு வச்சா, ஒரு தண்டை மணிக்கு 15 டிகிரி வீதம் திருப்பத் திருப்ப, அடுத்த தண்டு நிழல் விழற இடத்தைக் காட்டிக்கிட்டே போகும். லண்டனுக்கு அந்தக் கோணம் கிட்டத்தட்ட 38.5 டிகிரி. என் வண்டியைத் திக்க வச்ச அதே கோளாறு அவர் கையில ஒரு கருவி ஆயிடுச்சு. 1676ல வெளியான தன் புத்தகத்துல 'யுனிவர்சல் ஜாயிண்ட்'ங்கற பேரையும் அவரே வச்சார்.

1683ல மருந்தும் சொன்னார். ஒரு இணைப்பு தப்பு பண்ணுதா? இன்னொண்ணையும் போடு. நடுத்தண்டோட ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு இணைப்பு. முதல் இணைப்பு முந்தற நேரத்துல ரெண்டாவது பிந்தும், அது பிந்தும்போது இது முந்தும். ரெண்டு சாய்வும் சமமா இருந்தா தப்பும் தப்பும் கழிஞ்சு, கடைசித் தண்டு சீராச் சுத்தும். நடுத்தண்டு மட்டும் உள்ளுக்குள்ள முந்திப் பிந்தித் தவிச்சுக்கிட்டிருக்கும். வெளிய தெரியாது.

ஆனா ஒரே ஒரு நிபந்தனை. நடுத்தண்டோட ரெண்டு முனைக் கவையும் ஒரே வாட்டத்துல இருக்கணும். மேஜையில படுக்க வச்சா ரெண்டும் படுக்கணும். ஒண்ணு படுத்து ஒண்ணு நின்னா போச்சு. அப்போ ரெண்டு தப்பும் கழியாது, ஒண்ணை ஒண்ணு பெருக்கிடும். 30 டிகிரியில 86.6, 115.5னு பார்த்தோமே, அது 75, 133 ஆயிடும். முன் சக்கரத்துக்கு இந்த ஆட்டம், பின் சக்கரத்துக்குச் சீரான ஓட்டம், ரெண்டும் ஒரே கியர் பெட்டியில கட்டியிருக்கு. கல்லு மேல டயர் கவ்வி நிற்கும்போது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்காம என்ன செய்யும்? நான் 'ஏதோ பிடிக்குது'ன்னு சொன்னது இந்தச் சண்டையைத்தான்.

ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து போய் முன் தண்டை மேஜையில படுக்க வச்சுப் பார்த்தேன். ஒரு கவை படுத்திருக்கு. இன்னொண்ணு நிற்குது.

என் வண்டியில நடுத்தண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையற ரெண்டு துண்டு. சஸ்பென்ஷன் மேல கீழ போகும்போது நீண்டு சுருங்கணும்ல, அதுக்காக. நுழையற இடம் சதுரம். நாலு விதமா நுழைக்கலாம். அதுல ரெண்டு சரி, ரெண்டு தப்பு. கழுவி மாட்டும்போது பின் தண்டுக்கு அதிர்ஷ்டம் அடிச்சுது, முன் தண்டுக்கு அடிக்கலை. சேறும் இல்லை, தண்ணியும் இல்லை, பேரிங்கும் இல்லை. பையனும் இல்லை.

கழட்டி, கால் சுத்து திருப்பி, மாட்டினேன். ரெண்டு நிமிஷ வேலை. திக்கல் போயே போச்சு. பெரிய பல்பு மக்களே.

கதை இங்க முடியலை. ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பினா மட்டும் லேசா ஒரு துள்ளல் பாக்கி இருந்தது. அதுக்கும் வரலாற்றுலதான் பதில்.

1903ல அமெரிக்காவுல கிளாரன்ஸ் ஸ்பைசர்ங்கறவர், தூசி புகாம உறைக்குள்ள வச்ச யுனிவர்சல் ஜாயிண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போ நிறையக் கார்கள் சைக்கிள் மாதிரி சங்கிலியில ஓடிக்கிட்டிருந்தது. 1904ல நியூ ஜெர்சி பிளெயின்ஃபீல்டுல ஸ்பைசர் தயாரிப்பை ஆரம்பிச்சார். பின்னாடி சார்லஸ் டேனா வந்து சேர்ந்து, 1946ல அந்த நிறுவனம் டேனா ஆச்சு. ஜீப் பிரியர்கள் 'டேனா 44'னு ஒரு அச்சைப் பத்தி உருகுவாங்களே, அந்த டேனாதான்.

பின் சக்கர வண்டிக்கு ஹூக்கோட ரெட்டை வைத்தியம் போதும். முன் சக்கரத்துக்குத்தான் சிக்கல். சக்கரம் திரும்பற இடத்துல ஒரே ஒரு இணைப்புக்குத்தான் இடம், அதுவும் 30 டிகிரி சர்வசாதாரணம். தப்பைக் கழிக்க அடுத்த பக்கம் இன்னொண்ணு போட முடியாது, அங்க சக்கரமே இருக்கே! அதனால ஒரே இணைப்புக்குள்ளயே தப்பு கழியணும். 1926 வாக்குல பிரான்ஸ்ல பியர் ஃபெனாயும் ழான் ஆல்பர்ட் கிரெகுவாரும் 'ட்ராக்டா' இணைப்பைக் கொண்டு வந்தாங்க. அதைப் போட்ட கார் 1927 லெ மான் பந்தயத்துல ஓடிச்சு. அதே காலத்துல அமெரிக்காவுல ஆல்ஃபிரட் செப்பா ஆறு குண்டுகளை வச்சு ஒரு இணைப்பு செஞ்சார். தண்டு எவ்வளவு சாய்ஞ்சாலும் குண்டுகள் எப்பவும் ரெண்டு தண்டுக்கும் சரிபாதிக் கோணத்துல நிற்கும். ரெண்டு பக்கமும் சமமாயிட்டா யாரு முந்தறது, யாரு பிந்தறது? இதுக்குத்தான் கான்ஸ்டன்ட் வெலாசிட்டி, சுருக்கமா சிவி ஜாயிண்ட்னு பேர்.

இரண்டாம் உலகப் போர்ல ஜீப்போட முன் அச்சுல செப்பா, ட்ராக்டான்னு பல வகை இணைப்புகளையும் போட்டாங்க. 1959ல வந்த மினி காரோட முன் சக்கரத்துல செப்பா வகை. நம்ம ஊர் மாருதி 800ம் முன் சக்கர வண்டிதானே. ரப்பர் உறை கிழிஞ்ச பழைய கார் வளைவுல 'டக் டக் டக்'குன்னு சத்தம் போடும் பாருங்க, அது சிவி ஜாயிண்ட்டோட கதறல்.

பொம்மைக்கு வருவோம். 1987ல தமியா கொண்டு வந்த 'க்ளாட் பஸ்டர்'ல அச்சுக்கு ஒரு மோட்டார், அச்சு மேலயே. நடுத்தண்டே கிடையாது, திக்கலும் கிடையாது. பாறை ஏத்தற ஆளுங்க பல பேர் அந்த அச்சுகளை எடுத்துத்தான் சொந்தமா க்ராலர் கட்டினாங்க. 2007ல ஆக்ஸியல் ஏ.எக்ஸ்.10 வந்தப்போ மோட்டார் நடுவுல, ரெண்டு பக்கமும் தண்டு. நிஜ ஜீப் மாதிரியே. நிஜ ஜீப்போட தொல்லையும் கூடவே வந்துடுச்சு! என் வண்டியும் அந்த வம்சம்தான். அதோட முன் சக்கரத்துல இருக்கறது சிவி இல்லை, ஹூக்கோட பழைய ஒத்தை இணைப்புதான். அதான் முழுத் திருப்பத்துல அந்தத் துள்ளல். ரிமோட்ல ஸ்டியரிங் எல்லையைக் கொஞ்சம் குறைச்சேன், அடங்கிடுச்சு.

அடுத்த நாள் ஞாயித்துக்கிழமை. பையனைக் கூப்பிட்டேன். தண்டை மேஜையில வச்சு, கவை நின்னதையும் படுத்ததையும் மாத்தி மாத்திக் காட்டினேன். கேட்டுக்கிட்டே இருந்தான்.

"அப்ப நான் தண்ணில விட்டதால இல்லையா?"

"இல்லைடா. நான்தான் தப்பா மாட்டிட்டேன். உன்னைத் திட்டியிருக்கக் கூடாது."

மூஞ்சியில ஒண்ணும் காட்டலை. உள்ள போய் அவங்கம்மாவோட நகப்பாலிஷை எடுத்துட்டு வந்தான். தண்டோட ரெண்டு துண்டுலயும் நேருக்கு நேரா ஒரு சிவப்புப் புள்ளி. பின் தண்டுலயும் வச்சான். கழட்டறதுக்கு முன்னாடி மார்க்குப் போடணும்னு நான் இன்னும் சொல்லவே இல்லை. காயற வரைக்கும் ஊதிட்டு, வண்டியைத் தூக்கிக்கிட்டுக் கல்லுக் குவியலுக்குப் போயிட்டான்.

நானும் பின்னாடியே போனேன். எனக்கு ரிமோட் தரலை. அது நியாயம்தான்.

டிஸ்கி 1: உங்க வீட்டு ரிமோட் வண்டி திக்கினா முதல்ல ஒரு சுத்துக்கு எத்தனை தடவைன்னு எண்ணுங்க. அப்புறம் பேரிங் வாங்குங்க. அதுக்கும் அப்புறமா, வேணும்னா, பிள்ளையைத் திட்டுங்க.

டிஸ்கி 2: மிச்சமான பேரிங் ஒரு டப்பா இருக்கு. தங்கமணி இதைப் படிக்க மாட்டாங்கன்னு நம்பறேன். நகப்பாலிஷ் விஷயத்தையும் யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க :-)